ஒரே முகங்கள் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

முதலாண்டு மாணவர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, இரண்டு மூன்று பாடங்களுக்கு ஒன்றாகவே உட்கார வைக்கும் 'கற்றல் குழு' பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் நண்பர்கள் கிடைப்பார்கள், தனிமை போகும் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். விஷயம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நான் முதலாண்டுக்கு மொழிப்பாடம் எடுக்கிறவன். ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் பையை ரொம்ப மெதுவாக அடுக்குவாள். நிதானமான பெண் என்று நினைத்திருந்தேன். சேர்ந்து நடக்க ஆளில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. சரி, அது ஒரு பக்கம். என் வகுப்புக்கு ஒழுங்காக வந்த அவள் புள்ளியியல் வகுப்புப் பக்கம் மூன்று வாரமாகத் தலைகாட்டவே இல்லை, அதை எடுப்பவர் என் அடுத்த அறைக்காரர், தினமும் ஒன்றாக டீ குடிக்கிறோம், அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை!

யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மெய்க்கில்ஜான் என்ற கல்வியாளர் 1927இல், மாணவர்கள் ஒன்றாகவே ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கும் 'சோதனைக் கல்லூரி' தொடங்கினார், 1932இல் மூடிவிட்டார்கள். பிற்பாடு நியூயார்க்கின் கிங்ஸ்பரோ கல்லூரியில் எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் சுமார் 1,500 பேரைக் குழுவில் சேர்ப்பவர்கள், சேர்க்காதவர்கள் என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. குழுவுக்கு 25 பேர் வரை, இணைத்து நடத்தும் மூன்று பாடங்கள், கூடுதல் பயிற்சி, புத்தகத்துக்குப் பண உதவி, எல்லாம் ஒரே ஒரு பருவத்துக்கு. அந்தப் பருவத்தில் குழுவில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பாடங்களில் தேறினார்கள். ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது பட்டம் பெற்றவர்களும் இவர்களில்தான் கொஞ்சம் அதிகம்.

அதே நிறுவனம் வேறு சில கல்லூரிகளில், படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குழுக்களைச் சோதித்தபோது பலன் சொற்பம்தான். படிப்பைத் தொடர்கிறவர்களின் எண்ணிக்கை கூடவே இல்லை. பாடங்களை உண்மையில் பிணைத்து நடத்துவது பல இடங்களில் அரைகுறையாகத்தான் இருந்தது. புத்தக உதவி போன்ற சலுகைகளும் எல்லா இடத்திலும் இல்லை என்பது உண்மை. ஆனாலும் வகுப்பறை அனுபவத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஆசிரியர்களைத்தான், என்னையும் சேர்த்து. ஒரே முகங்களை ஒரே அறையில் உட்கார வைப்பது கால அட்டவணை போடுகிறவரின் வேலை, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். புள்ளியியலில் போட்ட வரைபடத்தை என் வகுப்பில் கட்டுரையாக எழுத வைக்க வேண்டும் என்றால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்கு நேரம் யாரும் ஒதுக்குவதில்லை. அடுத்த முறை எழுதும்போது கல்லூரிகளிடம் அதைக் கேளுங்கள்.

நான் கேட்டுப் பார்த்தேன், வாரத்துக்கு ஒரு மணி நேரம். அட்டவணையில் இடமில்லை, வேண்டுமானால் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இப்படிக்கு,
முதலாண்டு ஆசிரியர் ஒருவர்