பழுப்பாகாத கரைசல்

ஆசிரியர் அவர்களுக்கு,

27 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி இந்த ஆண்டு செய்முறைப் பாடம் அத்தனையையும் வகுப்பறை ஸ்மார்ட் போர்டில் பார்த்தே முடித்துவிட்டாள். ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாதாம்.

எங்கள் காலத்து ஆய்வகமும் சொர்க்கமில்லை. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயான பியூரெட், ஐம்பது பிள்ளைகளுக்கு ஆறு. அதில் இரண்டு ஒழுகும். கரைசலை அளந்தெடுக்கும் குழாயான பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவோம். ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது ஆக்சாலிக் அமிலத்தை வாயில் வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடும். ஹைட்ரஜன் சல்பைடு நாற்றத்தோடுதான் மத்தியானச் சாப்பாடு. ஆய்வகமே இல்லாத பள்ளியில் படிக்கிற பிள்ளை, அமிர்தா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்த ஓலேப்ஸ் போன்ற மெய்நிகர் ஆய்வகத்தில் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும். ஈய அயோடைடின் மஞ்சள் வீழ்படிவைக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டால் பொன்துகளாக மின்னிக்கொண்டு இறங்குமே, அதைப் பேத்தியின் திரையில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. கடைசி வரிசைக்கு அதை நான் ஒருநாளும் அப்படிக் காட்டியதில்லை. ஈயம் நஞ்சு வேறு. அந்தச் சோதனை திரையோடு நின்றால் எனக்கு வருத்தமில்லை.

பர்மாங்கனேட் தரம்பார்த்தல் விஷயத்தில்தான் மனசு கேட்கவில்லை. ஊதா நிறப் பர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் ஆக்சாலிக் அமிலம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் சோதனை அது. காணொளியில் சொட்டு விழுந்ததும் நிறம் போகிறது, கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு நிற்கிறது. நிஜத்தில் முதல் சொட்டு அவ்வளவு லேசில் மறையாது. ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60–70 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு சொட்டு விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகிவிடும். அதன்பிறகுதான் அடுத்தடுத்த சொட்டுகள் சட்டென்று மறையும். தன்வினையூக்கம் என்று புத்தகத்தில் இரண்டு வரி. பொறுமையில்லாமல் பியூரெட்டைத் திறந்துவிட்டு, குடுவை பழுப்பாகக் கலங்கியதும் "கெட்டுப்போச்சு டீச்சர்" என்று முழித்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வரி கடைசிவரை மறக்கவில்லை.

"சூடாக்காம விட்டா என்ன ஆகும்?" என்று பேத்தியிடம் கேட்டேன். "வீடியோவுல அப்படி வரலையே, ஆச்சி" என்றாள்.

காணொளியை முதல் நாள் காட்டுங்கள்; மறுநாள் ஆய்வகத்தைத் திறங்கள். பிப்பெட்டுக்கு ரப்பர் பல்ப் வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை. செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ரெக்கார்டு நோட்டைப் புரட்டும்போது பிள்ளைகளின் விரலையும் ஒருமுறை பாருங்கள். பர்மாங்கனேட் பட்ட இடத்தில் பழுப்புக் கறை இரண்டு நாளாவது போகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோவில்பட்டி.