பிரஷர் விழாமல் பிடித்தவர்களுக்கு நன்றி

அறுவை அரங்கு சிஸ்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும், வார்டு, மருந்தகம், மகப்பேறு மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிசேரியனுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி நரம்புகளோடு ரத்தக்குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் சிம்பதெடிக் நரம்புகளும் மரத்துவிடும். குழாய்கள் தளரும், பிரஷர் சரியும். மல்லாந்து கிடந்தால் இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரையையும் கருப்பை நெரிக்கும். விழுந்தபின் மருந்து தேடுவது தாமதம்தான். விழுமுன்பே பிடிக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் நீங்கள்.

வார்டு சிஸ்டர்களே, சென்னை வெயிலில் தாய்மாரை வறண்டுபோக விடாமல், அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்க விட்டீர்கள். பச்சை வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றக் கையில் போடும் அகலமான ஊசிக்குழாய்) போட்டே அனுப்பினீர்கள். முதுகு ஊசிக்கு முன்பே சலைன் ஓடி முடிந்தால் பயன் குறைவு. அந்த ஊசியோடு சேர்ந்து வேகமாக ஓட வேண்டும். அதற்கு மெல்லிய ஊசிவழி போதாது.

டெக்னீஷியன்களுக்குத் தனி நன்றி. படுக்க வைத்ததும் வலது இடுப்புக்கடியில் வெட்ஜ் (சாய்வான திண்டு) வைத்து இடப்பக்கம் சாய்த்தீர்கள். டிரிப் ஒரு கையில், பிரஷர் பார்க்கும் கஃப் (பட்டை) மறு கையில். இரண்டும் ஒரே கையில் இருந்தால் கஃப் இறுகும்போதெல்லாம் மருந்து நின்றுபோகும், தளர்ந்ததும் மொத்தமாகப் பாயும். சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

மருந்தகத்தாருக்கு: ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிரஷரைத் தாங்கும் ஃபினைலெஃப்ரின் 10 மி.கி. ஆம்பூல், 100 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம். முதுகு ஊசி முடிந்த கையோடு பம்பில் மணிக்கு 15 முதல் 30 மி.லி., அதாவது நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம். கலக்காத ஆம்பூல் இதைவிட 100 மடங்கு வீரியம். சிரிஞ்சில் நீங்கள் ஒட்டச் சொன்ன லேபிள் அதனால்தான் முக்கியம்.

குழந்தை வெளியே வரும்வரை நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷரை வாசித்த சிஸ்டர்களே, பிரஷரின் மேல் எண் தொடக்கத்தில் 120 என்றால் 108க்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்தீர்கள். 96க்குக் கீழே போனால் உடனே போலஸ், அதாவது ஒரே தவணையாக ஒரு சிறு அளவு மருந்து. நாடித்துடிப்பு 60க்குக் கீழே, பிரஷர் நன்றாகவே இருக்கிறது என்றால் பம்பை நிறுத்த வேண்டும். இரண்டுமே குறைந்தால் நாடித்துடிப்பை ஏற்றும் எஃபெட்ரினோ அட்ரோபினோ. “குமட்டுது சிஸ்டர்” என்று தாய் சொன்னதை வாந்தி மருந்தோடு முடித்துவிடாமல், பிரஷர் சரிகிறதோ என்று கஃப்பை ஓடவிட்டீர்கள். பல நேரம் மானிட்டரைவிட அவள் வாய்தான் முந்துகிறது.

மகப்பேறு மருத்துவர்களே, குழந்தை பிறந்ததும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினை ஒரே தள்ளாகத் தள்ளச் சொல்லாமல், மெதுவாகப் போகவிட்டீர்கள். வேகமாகப் போனால் அதுவே பிரஷரைக் கவிழ்த்துவிடும்.

அன்புடன்,
மயக்கவியல் பிரிவினர், சென்னை