வாசகர் வட்ட ஆண்டறிக்கை: லாங்போர்ன் வீட்டில் மாந்திரீகம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பேரவையின் தீர்மானப்படி இவ்வாண்டு எழுத்துப் பயிற்சி முழுவதும் ஒரே நாவலைச் சுற்றி நடந்தது. 1813 ஜனவரியில் மூன்று பாகங்களாக வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை, மாந்திரீகம் உள்ள ஓர் இங்கிலாந்தில் வைத்து மறுபடி எழுதுவதே பணி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பயிற்சியில் உறுதியான விதிகளும், கைப்பிரதிகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய கோளாறுகளும் இந்த அறிக்கையில் இடம்பெறுகின்றன.

சொத்து

இந்தக் கதையின் அச்சாணி பணம். பென்னட் குடும்பம் வாழும் லாங்போர்ன் நிலத்தின் வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு. அது ஆண் வாரிசுக்கே போகும்படி பூட்டப்பட்டிருப்பதால், ஐந்து மகள்கள் இருந்தும் தூரத்து உறவினர் காலின்ஸ் கைக்குப் போகிறது. பெண்களுக்கென்று இருப்பது 5,000 பவுண்டு. தாயின் காலத்துக்குப் பிறகு அது ஐந்தாகப் பிரிந்தால் தலைக்கு 1,000. நான்கு சதவீத வட்டியில், இரண்டாம் மகளும் கதாநாயகியுமான எலிசபெத்துக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு வரும். கடைசியில் அவளை மணக்கும் டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000.

மந்திரத்தால் பொன் வரவழைக்கலாம் என்று ஒரு வரி எழுதினாலே இந்தக் கணக்கு குலைந்துவிடும். எலிசபெத்தின் 27 வயதுத் தோழி ஷார்லட் லூக்கஸ் காலின்ஸை மணக்கக் காரணம் இருக்காது. எனவே மந்திரத்தால் பணம், நிலம், வாரிசு மூன்றையும் உண்டாக்க முடியாது என்பதை முதல் விதியாக வைத்தோம்.

இதற்கு ஒரு படி மேலே போன கைப்பிரதிதான் இவ்வாண்டின் சிறந்த யோசனையைத் தந்தது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சூனியத்தைத் திருப்பியடிக்க ஒரு புட்டி புதைப்பார்கள். தாடிக்கார முகம் பதித்த மண்புட்டியில் வளைத்த ஆணி, குண்டூசி, பாதிக்கப்பட்டவரின் சிறுநீர், தலைமயிர், நகத்துணுக்கு ஆகியவற்றைப் போட்டு அடைத்து, அடுப்படிக் கல்லுக்குக் கீழோ வாசற்படிக்குக் கீழோ வைப்பது வழக்கம். 2004-இல் கிரீன்விச்சில் அடைப்புத் திறக்காமல் கிடைத்த புட்டி ஒன்றில், கந்தகமும், வளைந்த ஆணி குத்திய இதய வடிவத் தோல்துண்டும் இருந்தன. லாங்போர்ன் பெண்களின் வித்தை இப்படி ஒரு புட்டியில் கட்டுண்டு அடுப்படிக்குக் கீழே கிடக்கிறது என்று வையுங்கள். வித்தை தாய்வழி வரும், வீடு தந்தைவழி போகும். வீட்டோடு புட்டியும் காலின்ஸுக்குச் சேர்ந்துவிடும். திருமதி பென்னட்டின் ஓயாத படபடப்புக்கு இதைவிட நியாயமான காரணம் கிடைக்காது. புட்டியைத் தோண்டி எடுத்துப் போய்விடலாமே என்று வாசகர் கேட்பார். அதற்கும் எழுதும் முன்பே பதில் வேண்டும்: எடுத்தால் அடைப்பு உடையும், உடைந்தால் காவல் போகும்.

சட்டம்

சூனியக்காரியை எரித்துக் கொல்வதாக எழுதிய பக்கங்கள் அனைத்தும் திருப்பி அனுப்பப்பட்டன. இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குதான். அதுவும் கதை நடக்கும் ரீஜன்சி (1811–1820) காலத்துக்கு வெகு முன்பே முடிந்துபோனது. 1735-ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்தையே குற்றப்பட்டியலிலிருந்து நீக்கி, ‘மந்திரம் தெரியும்’ என்று பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியது. தண்டனை ஓராண்டுச் சிறை. அந்த ஓராண்டில் காலாண்டுக்கு ஒருமுறை சந்தை நாளில் ஒரு மணி நேரம், கழுத்தையும் கைகளையும் பூட்டும் தொழுமரத்தில் நிற்கவும் வேண்டும். கதை 1811–12-இல் நடப்பதால் தொழுமரம் பொருந்தும். 1816-க்குப் பிறகு நகர்த்தினால் பொருந்தாது. அவ்வாண்டு பொய்ச்சாட்சி தவிர ஏறத்தாழ எல்லாக் குற்றங்களுக்கும் அதை ஒழித்துவிட்டார்கள்.

நிஜமான வித்தையைக் கையில் வைத்திருப்பவளை ஏமாற்றுக்காரி என்று நிற்க வைக்கிறது சட்டம். உயிருக்கு ஆபத்து இல்லை, மானத்துக்கு ஆபத்து. கல்யாணச் சந்தையில் நிற்கும் ஐந்து பெண்களுக்கு அது போதும். டார்சியை மணக்க விரும்பும் கரோலின் பிங்லி கையில் வதந்தியாக இதைக் கொடுத்துவிட்டால் அவர் வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

ஊர் நினைவு வேறு இருக்கிறது. லாங்போர்ன் கற்பனை ஊர், ஆனால் அதை ஆசிரியர் வைத்திருப்பது ஹெர்ட்ஃபோர்ட்ஷரில். 1712-இல் அதே மாவட்டத்தில் ஜேன் வென்ஹாம் சூனியக்காரி என்று தண்டிக்கப்பட்டு, பிறகு அரசியின் மன்னிப்பால் தப்பினார். 1751-இல் அங்குள்ள ட்ரிங்கில் ரூத் ஆஸ்பர்ன் என்ற முதியவளைக் கும்பல் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றது. முன்நின்றவன் தூக்கிலிடப்பட்டான். லாங்போர்னுக்கு அருகிலுள்ள மெரிட்டன் ஊர்க் கிழவிகளுக்கு இதெல்லாம் பாட்டி சொன்ன கதையாக இருந்திருக்கும். உரையாடலில் அரை வரியாக வந்தாலே வேலை செய்யும்.

மனம்

வசிய மருந்துக்கு இடமில்லை என்பது இரண்டாம் விதி. அதிகம் வாதிட்டது இதைப் பற்றித்தான். டார்சியைப் பற்றிப் பொய் சொல்லும் படை அதிகாரி விக்கமின் கவர்ச்சிக்கு மந்திரம் காரணம் என்று எழுதியவர்கள் பலர். வசதியான வழி, ஆனால் கதையைக் கொல்லும் வழி. விக்கமை நம்பியது எலிசபெத்தின் சொந்தத் தவறாக இருந்தால்தான், தன்னைப் பற்றியே தனக்குத் தெரியாமல் இருந்தது என்று அவள் பின்னால் உணரும் இடம் நிற்கும். மயக்கியது மந்திரம் என்றால் அவள் வெறும் பாதிக்கப்பட்டவள் ஆகிவிடுகிறாள்.

டார்சியுடைய தாயாரின் சகோதரி லேடி கேத்தரினுக்கும் மந்திரம் வேண்டாம். அந்த அதிகாரம் முழுக்கப் பிறப்பாலும் பணத்தாலும் வந்தது. வித்தையைக் கொடுத்தால் அவர் சிறுத்துப் போகிறார். டார்சி விக்கமைச் சபிப்பதும் கூடாது. விக்கமின் 1,000 பவுண்டுக்கு மேற்பட்ட கடனை அடைத்து, விக்கமோடு ஓடிப்போன எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா பேரில் இன்னொரு 1,000 எழுதி, படையில் பதவியும் வாங்கிக் கொடுக்கிறார். வெறுக்கும் மனிதனோடு உட்கார்ந்து பேரம் பேசுவதுதான் அவர் எலிசபெத்துக்காகப் படும் சிரமம்.

கடித மை

பயிற்சியில் அதிகப் பலன் தந்தது இந்தப் பகுதி. மந்திர நூல் என்று தோலட்டைப் புத்தகம் எழுதுவதை விட்டு, அக்காலத்து வீட்டுக்குறிப்பு நோட்டையே பயன்படுத்தினோம். சாட்டன் வீட்டில் ஜேன் ஆஸ்டினுடன் வாழ்ந்த மார்த்தா லாயிடின் நோட்டில் மை செய்முறை இருக்கிறது. மாசிக்காய் 4 அவுன்ஸ், அன்னபேதி 2 அவுன்ஸ், வேலம்பிசின் ஒன்றரை அவுன்ஸ். மாசிக்காயை உடைத்து, மற்ற இரண்டையும் உரலில் இடித்து, நாள்பட்ட காரமான பீர் ஒரு பைண்ட், நீர்த்த பீர் ஒரு பைண்ட், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, புகைபோக்கி ஓரத்தில் 14 நாள் வைத்து, தினம் இரண்டு மூன்று தடவை குலுக்க வேண்டும். மாசிக்காயும் அன்னபேதியும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. மாசிக்காயை உடைக்காமல் போட்டால் சாறு இறங்காது. அன்னபேதி கூடினால் நாளடைவில் மை பழுப்பேறி, தாளையே அரித்துவிடும். பிசின் குறைந்தால் எழுத்து பரவும்.

நாள் கணக்கில் ஊறாத மை வெளிறி எழுதும், காற்றுப் பட்டபின் மெல்லக் கருக்கும். மந்திரத்தை இங்கே செருகலாம். உண்மை எழுதினால் கருக்கும், பொய் எழுதினால் வெளிறியே நிற்கும். காலின்ஸ் பாதிரியாராக இருக்கும் ஹன்ஸ்ஃபோர்டில், விக்கமைப் பற்றிய உண்மையைச் சொல்லி டார்சி கொடுக்கும் கடிதம், இரண்டு தாள் நெருக்கி எழுதி, உறையிலும் எழுதியது. மணமோ நிச்சயமோ ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதால் தபாலில் போடாமல் நேரில் கொடுக்கிறார். அதைத் திரும்பத் திரும்பப் படித்து, அந்தச் சாலையில் எலிசபெத் இரண்டு மணி நேரம் நடக்கிறாள். மை கருக்க ஒரு நாள் ஆகும். எழுத்து வெளிறி இருக்கும்போதே, எந்த அத்தாட்சியும் இல்லாமல் அவள் முடிவுக்கு வந்தாக வேண்டும். மறுநாள் தாள் கருத்திருப்பதை அவள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒன்றுதான்.

தபாலும் வானமும் கையுறையும்

தூரத்தைக் காட்டும் கண்ணாடி, பேசும் பறவை போன்றவற்றை நீக்கச் சொன்னோம். பயணத்தில் லாம்டன் ஊரில் தங்கியிருக்கும் எலிசபெத்துக்கு அக்கா ஜேனின் இரு கடிதங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. முகவரி புரியாமல் கிறுக்கியிருந்ததால் ஒன்று வேறெங்கோ போய்த் திரும்பியது. லிடியா ஓடிப்போன செய்தி அந்தத் தாமதத்தால்தான் பிந்திக் கிடைக்கிறது. செய்தி குதிரை வேகத்தில் மட்டுமே போக வேண்டும்.

கரோலின் பிங்லியின் சகோதரர் குடியிருக்கும் நெதர்ஃபீல்ட் மாளிகையில் நடன விருந்து நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமை 1811-க்குப் பொருந்துகிறது. அன்று வளர்பிறை, பௌர்ணமிக்கு ஏறக்குறைய நான்கு நாள் இருந்தது. வண்டிகள் இரவில் வீடு திரும்ப நிலவு வேண்டும் என்பதால் நாட்டுப்புற விருந்துகளை இப்படித்தான் குறிப்பார்கள். அதே ஆண்டின் பெரிய வால்நட்சத்திரமும் அப்போது வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. இவ்வளவும் இருக்கும்போது யாரும் அன்று அமாவாசைப் பூசை எழுத வேண்டாம்.

தொட்டால் பலிக்கும் மந்திரம் எழுதுவோர் கவனிக்க: நடனத்தில் இருவருமே கையுறை போட்டிருப்பார்கள். சாப்பிடும்போது கழற்றுவார்கள்.

வரும் ஆண்டு

ஷார்லட்டின் பார்வையில் ஹன்ஸ்ஃபோர்ட் அத்தியாயங்களை எழுதுவது என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. புட்டி ஒருநாள் அவர் பொறுப்பில்தான் வரப்போகிறது. கைப்பிரதியோடு மந்திர விதிகளை ஒரு பக்கத்தில் தனியே இணைக்க வேண்டும். அது இல்லாத பிரதி வாசிப்புக்கு எடுக்கப்படாது.

கைப்பிரதிகளைத் தட்டச்சு செய்து உதவியவர்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்