பால்வெட்டும் வீட்டுப்பாடமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு நோட்டில் இரண்டு பக்கங்கள் ரப்பர் பால் பட்டு ஒட்டிக்கிடந்தன. இழுத்தால் கிழியும் என்று அப்படியே விட்டிருக்கிறான். அதற்குள் இருந்த கணக்குதான் தேர்விலும் வந்தது. அதை அவன் தொடவே இல்லை.

கூப்பிட்டு விசாரித்தேன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் தோட்டத்துக்கு, அதாவது விளைக்குப் போகிறான். இவன் முன்னால் போய்ச் சிரட்டையில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கூடையில் போட, பின்னாலேயே அப்பா பாலுக்காக மரப்பட்டையை வெட்டிக்கொண்டு வருகிறார். அப்புறம் குளியல், பஸ். முதல் பீரியடில் கண் சொக்காமல் என்ன செய்யும்?

நானும் இந்த ஊரில் ஒட்டுப்பால் பொறுக்கி வளர்ந்தவள்தான். வெயில் ஏறினால் பால் வரத்து குறையும், வெட்டுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். விளையில் நின்ற பிள்ளைக்கு அதனால் வரும் விவரமும் தெரியும். போன மாதம் கோணங்கள் பாடம் நடந்தபோது, பட்டையில் வெட்டுச் சரிவு 30 டிகிரி என்று சொன்னவன் இதே பையன்தான். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஏன் வெட்டுகிறோம் என்றும் சொன்னான்: பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன, அப்படி வெட்டினால்தான் நிறைய அறுபடும். கணக்கு டீச்சருக்கே அது புதுசு.

அதனால் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலையில் மாட்டுக்குப் புல் அறுக்கட்டும், சனிக்கிழமை ரப்பர் ஷீட் காயப்போடட்டும். பள்ளி நாளில் விடியற்காலை வெட்டுக்கு மட்டும் எழுப்பாதீர்கள். இரவு ஏழு முதல் எட்டரை வரை டிவியை அணைத்து அந்த நேரத்தை அவர்களிடமே விடுங்கள். பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒன்று கூடுதலாக. தை, மாசியில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்கள் பொதுத்தேர்வுக்கு முன்னால்தான் வருகின்றன. அதற்குள் வீட்டில் வேறு வேலை கண்டுபிடித்துவிடாதீர்கள்!

14 வயது ஆகாத பிள்ளைகள் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் வீட்டுக்கு உதவலாம் என்றுதான் 2016இல் திருத்திய சட்டமும் சொல்கிறது. பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் எந்தக் கணக்கிலும் ஆபத்தில்லாத வேலை ஆகாது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி விரலெல்லாம் கொப்புளத்தோடு வந்து பேனா பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ஆசிட் கேனைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றும் வேலை எல்லா வீட்டிலும் இருக்கும். எடை குறைவு, ஓடு உடையாது என்று பையன்களை மேலே ஏற்றுகிறோம். பாசி பிடித்த ஓட்டில் யார் கால் வைத்தாலும் வழுக்கும்.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். போன வருடம் பள்ளிக்கு ஓடு வந்து இறங்கியபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுமக்க விட்டோம். ஒரு அம்மா நேரே வந்து கேட்டார்கள்: "வீட்டில செய்தா தப்பு, இங்க செய்தா பாடமா டீச்சர்?" பதில் சொல்ல முடியவில்லை. தவறு எங்களுடையதுதான்.

இந்த முறை பெரியவர்களைக் கூப்பிடுகிறேன். பழைய கட்டடத்தில் கூரைத் தண்ணீர் ஓடும் தகரப் பாத்தி முழுக்கப் பலா இலை அடைத்து, மழைத் தண்ணீர் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் வழிகிறது. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முடிந்தவர்கள் வாருங்கள். ஏழெட்டுப் பேர் போதும். பிள்ளைகள் கீழே இலை கூட்டுவதோடு சரி. சாயாவும் மரச்சீனிக்கிழங்கும் பள்ளியில் ஏற்பாடு செய்கிறோம். ஏணிக்கு அலைய வேண்டாம், நோட்டு ஒட்டிக்கொண்ட அந்தப் பையனின் அப்பா கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
தலைமையாசிரியை