சனிக்கிழமை அறையின் சாவி

பேராசிரியர் ஐயா நினைவேந்தல் குழுவினருக்கு,

வணக்கம்.

பள்ளி வாசலில் ஐயாவின் பெயரில் ஒரு வளைவு, உள்ளே மார்பளவுச் சிலை என்று உங்கள் சுற்றறிக்கை வாட்ஸ்அப் புலனத்தில் வந்தது. நன்கொடைப் பட்டியலில் என் பெயரை நீங்களே எழுதிவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பணம் தருகிறேன். வளைவு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். குழுவில் பாதிப் பேர் எனக்கு அண்ணன் முறை. தனியாக வந்து சொன்னால் "பார்ப்போம்மா" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊரில் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஐயாவின் பெயரை இதில் எங்கேயும் போடவில்லை. பேனரில் தன் பெயர் இருந்தால் அவர் எப்படி நெளிவார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளி செம்பனைக் காட்டுக்குள் இருந்தது. மொத்தமே 26 பிள்ளைகள். ஒன்றாம் ஆண்டுக்கு இந்தச் சுவரில் ஒரு பலகை, இரண்டாம் ஆண்டுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை, நடுவில் பம்பரமாக நான். ஒரு நாள் செம்மண் ரோட்டில் ஒரு பழைய கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஐயா தலைமையாசிரியரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, என் வகுப்பின் கடைசியில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சில் இடித்தது. கையில் படிவமும் இல்லை, கோப்பும் இல்லை. ஒரே ஒரு தாள்.

அன்று அறிவியல் பாடம். ஈரத் துணி எப்படிக் காய்கிறது என்று நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் என்றுதான் நினைத்தேன். முடிந்ததும் அந்தத் தாளைக் கொடுத்தார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் ஓர் எண். 1, 1, 0, 1, 2, 1. கேள்வி கேட்டபின் எத்தனை வினாடி பொறுத்தேன் என்ற கணக்கு அது. பொறுக்க முடியாமல் பாதி பதில்களை நானே சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து இதையே கண்டு எழுதியவர் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று வினாடி பொறுத்தால் பதில் நீள்கிறது, "தெரியாது" குறைகிறது, வாயே திறக்காத பிள்ளையும் பேசுகிறது. ஐயா அன்று இந்தப் பெயரையெல்லாம் சொல்லவில்லை. "மனசுக்குள்ள மூணு எண்ணும்மா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் எண்ணினேன். மூன்று வினாடி அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. துணி எங்கே போட்டால் சீக்கிரம் காயும் என்று கேட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வரும், ஜனவரியிலிருந்து வாயே திறக்காத ஒரு பையன் சொன்னான்: "எங்க லயத்துல எங்க போட்டாலும் காயாது டீச்சர். செவுரே ஈரம்." இதை ஐயாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் துணியின் ஈரம் எங்கே போகும் என்று அவனையே கேட்கச் சொன்னார். பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

அவரைப் புனிதராக்க வேண்டாம். கோபக்காரர். எந்தக் கல்யாணத்துக்கும் முகூர்த்தத்துக்குள் வந்ததில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பயிற்சியின் முதல் மணி நேரத்தில் ஒவ்வொரு முறையும் மலாயாவின் அதே 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைத்தான் சொல்வார். ஏழு முதல் பதினான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பள்ளி வந்தது, சரி, பாடம் நடத்தியது யார்? பல தோட்டங்களில் கிராணி என்ற எழுத்தர், இல்லாவிட்டால் கங்காணி என்ற மேற்பார்வையாளர், இல்லாவிட்டால் எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரர். "நம்ம பரம்பரை அங்கருந்து வருது" என்று முடிப்பார். பத்தாவது முறை கேட்கும்போது எங்களுக்குக் கொட்டாவி வரும். அவர் அப்பாவும் பால் வெட்டியவர், அவர் படித்த தோட்டப் பள்ளி இப்போது இல்லை என்பதெல்லாம் எனக்கு வெகு காலம் தெரியாது. 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530 அளவில். மூடிய பள்ளிகளில் அவருடையதும் ஒன்று. தோட்டம் கைமாறியது, லயம் காலியானது, சனம் மலிவுவிலை வீடுகளுக்குப் போனது. அதைப் பற்றி அவர் கண்ணீர் விட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

2003-இல் கணிதமும் அறிவியலும் இனி ஆங்கிலத்தில் என்று வந்தபோதுதான் சனிக்கிழமைகள் தொடங்கின. கல்வி இலாகா மடிக்கணினி கொடுத்தது, குறுந்தட்டு கொடுத்தது. பயம் மட்டும் போகவில்லை. தமிழிலேயே படித்து, தமிழிலேயே பயிற்சி எடுத்து வந்தவர்கள் நாங்கள். ஐயா பழைய இணைக்கட்டடத்தின் கடைசி அறையைக் கேட்டு வாங்கினார். மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. முதல் மாதம் நான்கு பேர். பிறகு சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக 2009-இல் அறிவித்த பிறகும் சனிக்கிழமை நிற்கவில்லை.

அங்கே ஒரே விதிதான். ஆளுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் கொண்டுவர வேண்டும், வகுப்பில் ஆகக் கடைசியாக இருக்கும் பிள்ளையுடையது. அதைப் பாயில் விரித்து வைப்போம். முதல் பத்து நிமிடம் அப்பா குடிகாரர், அம்மா கவனிப்பதில்லை என்றெல்லாம் பேசக் கூடாது. தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் பேச வேண்டும்.

ஒருமுறை நான் கொண்டுபோன நோட்டில் வாழைப்பழத்துக்கு 'வாளப்பளம்' என்றிருந்தது. பத்து முறை திருத்தி எழுதச் சொல்லியிருந்தேன். பயல் பத்து முறையும் அழகாக 'வாளப்பளம்' என்றே எழுதியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள், ஐயா சிரிக்கவில்லை. "காதுல விழாத எழுத்தைக் கை எப்படிம்மா எழுதும்? இந்தப் பயல் வீட்டுல யாராவது ழகரம் சொல்றாங்களா?" என்றார். எங்கள் வீட்டிலும் யாரும் சொல்வதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுத வைப்பதை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கேட்க வைத்தேன். நாக்கை மடித்து நான் சொல்லச் சொல்ல, ழ விழுந்தால் கை தூக்க வேண்டும்.

ஒன்றாம் ஆண்டுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ட, ப, ம. அகரவரிசையில் போனால் பிள்ளை ஒரு சொல்லைப் படிக்க வாரக்கணக்காகும். இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்தால் முதல் நாளே படம், மடம், பட்டம் என்று படித்துவிட்டு வீட்டுக்குப் போவான். ஆறு வயதில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு சொல்லைப் படித்துக் காட்டிய பிள்ளை மறுநாள் பள்ளிக்கு ஓடி வரும். நான் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து சனிக்கிழமை நின்றது. தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு காட்டுக்குப் போய்விடும். "ராத்திரி எட்டரைக்குப் பாடம் வை" என்றார். வைத்தேன். அப்புறம் பள்ளி திறந்தது, அறை மட்டும் திறக்கவில்லை. ஐயாவுக்கும் உடம்பு முடியாமல் போனது.

போன வாரம் ஜன்னல் வழியாக அந்த அறையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், விளையாட்டுப் போட்டிக் கூடாரம், ஏழு பாடத்திலும் ஏ வாங்கியவர்களுக்கான, சுருட்டி வைத்த 7ஏ பதாகைகள். ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வையே 2021-இல் ரத்து செய்துவிட்டார்கள், பதாகையை இன்னும் யாருக்காக வைத்திருக்கிறோம்?

ஆசிரியர் தினத்துக்கு நாம் மாலையோடு போனபோது அவர் சொன்னது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். "மே 16 என்னோட பிறந்தநாளா? 1956-ல ரசாக் கல்வி அறிக்கையை ஏத்துக்கிட்ட நாள். மாலையை அதுக்குப் போடுங்க" என்று காரில் ஏறிப் போய்விட்டார். அந்த மனிதருக்கா சிமெண்டில் வளைவு?

என் நன்கொடையை நாற்காலிகளை வேறிடத்துக்கு மாற்றும் லாரிக்கும், ஒரு பாய்க்கும், தூரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் இளம் ஆசிரியர்களின் பெட்ரோலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் இன்னும் தருகிறேன். அலுவலகத்தில் கேட்டேன், அறைச் சாவி குழுவில் ஒருவரிடம் இருக்கிறதாம், யாரிடம் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. வைத்திருப்பவர் தயவுசெய்து சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வருகிற முதல் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஐந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இருவர் போன ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஐயாவைப் பார்த்ததே இல்லை. என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு நோட்டு, ஆகக் கடைசிப் பிள்ளையுடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பள்ளி டீச்சர் ஒருத்தி