ஊருக்கு வந்துட்டேன் மச்சான் (ஜூலை 2022)

மச்சான்,

எப்படி இருக்க? ஒனக்கு எழுதணும் எழுதணும்னு ஒரு மாசமா நெனச்சி இன்னிக்கி தான் உக்காந்தேன், அதுவும் மகாபலிபுரத்துல நம்ம வீட்டு திண்ணையில. சென்ட்ரல்ல இறங்கி வரும்போதே நேப்பியர் பாலத்த பாத்து சிரிச்சிட்டேன்டா, மொத்த பாலத்துக்கும் செஸ் போர்டு மாதிரி கருப்பு வெள்ளை கட்டம் அடிச்சி வெச்சிருக்காங்க, பைக்ல போறவன் எல்லாம் நிறுத்தி செல்ஃபி எடுக்குறான். அப்புறம் ஈசிஆர் ரோடு பூரா செஸ் ஒலிம்பியாட் சின்னம், வேட்டி சட்டை போட்ட குதிரை, தம்பின்னு பேரு, கும்பிட்டுக்கிட்டே நிக்குது.

ஜூலை 28ம் தேதி இந்த ஒலிம்பியாட் ஆரம்பம், நாடு நாடா டீம் வந்து ஆடுற செஸ் போட்டி, ஆகஸ்ட் 10 வரைக்கும். ரஷ்யால நடக்க வேண்டியது, உக்ரைன் சண்டையால அங்கருந்து எடுத்து மார்ச்ல தான் நமக்கு குடுத்தாங்க, அதான் எல்லாமே ஓட்டம். பூஞ்சேரி ஹோட்டல்ல தான் ஆட்டம், எடம் பத்தாதுன்னு பக்கத்துலயே புதுசா ஒரு ஹால் எழுப்புறாங்க. உலக சாம்பியன் கார்ல்சன் வர்றாராம். பிப்ரவரில நம்ம பிரக்ஞானந்தா ஆன்லைன்ல அவர ஜெயிச்சதுல இருந்து டீக்கடையில கூட செஸ் தான், குதிரை எப்படி போகும்னே தெரியாதவன் எல்லாம் கருத்து சொல்றான்.

2019ல சீன அதிபர் வந்தப்ப ஊர எப்படி பளபளன்னு ஆக்கினாங்கன்னு ஞாபகம் இருக்கா, அதே மாதிரி இப்பவும் ரோடு, லைட்டு, பெயின்ட்டு. நல்லா தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அர்ச்சுனன் தபசு எதிர்ல மாங்கா விப்பாங்களே அந்த அக்கா, அவங்க வண்டிய விழா முடியற வரைக்கும் வேற எங்கயாவது போட்டுக்கோன்னு சொல்லிட்டாங்களாம். "ஊர பாக்க வர்றவங்க எங்கள பாக்க கூடாதாம்பா"ன்னாங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, ரெண்டு மாங்கா வாங்கிட்டு வந்துட்டேன்.

அப்பா பட்டறையில இப்ப சாமி செல வேலை எல்லாம் ஓரமா கெடக்கு, மாக்கல்லுல சின்ன சின்ன குதிரை தான். காது கிட்ட வரும்போது டக்குன்னு ஒடிஞ்சிடுது, ஒடிஞ்சதெல்லாம் ஒரு கூடை நெறைய இருக்கு, அப்பா திட்டிக்கிட்டே அடுத்தத எடுக்கறாரு.

அந்த பட்டறை பலகக்கல்லு மேல சாக்பீஸ்ல கட்டம் போட்டு, தொலஞ்ச காய்க்கு கல்லு சில்ல வெச்சி நாம ஆடுவோமே. ஒரு நாள் என் சிப்பாய் ரெண்டு கட்டம் போய் ஒன் சிப்பாய் பக்கத்துல நின்னப்ப, அது ஒரு கட்டம் தான் போன மாதிரி நீ வெட்டி எடுத்துட்டு இப்படி ஒரு ரூல் இருக்குன்ன, நான் ஏமாத்துறன்னு கத்தி எல்லாத்தையும் கலச்சி விட்டேன், ஒரு வாரம் பேசல. நேத்து அண்ணன் பொண்ணு என்கிட்ட அதையே பண்ணா. ஸ்கூல்ல சொல்லி குடுத்தாங்களாம், புக்ல எடுத்து காட்டுறா.

இருக்குடா அந்த ரூல். சாரி மச்சான். லீவு கெடச்சா வா, அந்த ஆட்டத்த முடிச்சிடலாம்.