என்ஜினை இறக்குவதற்கு முன்னால்

ஷார்ஜா

அன்புள்ள மாப்ளே,

நலம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். பெரியவன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்திருக்கிறானாமே, அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்.

இங்கே வெயில் 45 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளியில் வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்த ஓய்வில்தான் இதை எழுதுகிறேன். அல் பதாயர் மணல்மேட்டுக்கு வண்டி ஓட்ட வருகிற கூட்டம் இப்போது குறைவு. அக்டோபரில் சீசன் தொடங்கும்வரை எங்களுக்கு வண்டிகளைப் பிரித்துப் பார்க்கிற வேலைதான்.

சரி, உன் டிராக்கில் ஓடுகிற ஏடிவி, அதாவது மேடு பள்ளத்தில் ஓட்டுகிற அந்த நாலு சக்கர வண்டி, அதன் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்றத்தில் டெம்பரேச்சர் லைட் எரிகிறது, ரிசர்வ் டேங்க் வழியாகக் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) பொங்குகிறது, ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு) போய்விட்டது, என்ஜினை இறக்கணும் என்று மெக்கானிக் சொல்கிறார் என எழுதியிருக்கிறாய். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டியவை சில இருக்கின்றன. எல்லாமே செலவு குறைந்தவை. அவற்றைப் பார்க்காமல் என்ஜினில் ஸ்பானர் வைக்க விடாதே.

முதலில் ரேடியேட்டர் மூடி. யாரும் அதைச் சந்தேகப்படுவதே இல்லை, எனக்கு அதில்தான் வருத்தம். பல மூடிகள் 1.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும். குக்கரில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். நீ இருக்கும் கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிப்பட்ட மூடி நன்றாக இருந்தால் அதே தண்ணீர் 118 டிகிரி வரை தாங்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடுதலாக. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, என்ஜின் எப்போதும் ஓடுகிற சூட்டிலேயே கூலன்ட் கொதித்து வெளியே வந்துவிடும். சமவெளியில் ஓரளவு சமாளிக்கிற பழைய மூடி உன் ஊரில் சமாளிக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆறின வண்டியைக் காலையில் பார். ரிசர்வ் டேங்க் நிறைந்திருந்து ரேடியேட்டரில் மட்டம் இறங்கியிருந்தால், முதல் சந்தேகம் மூடி மேல்தான். சூடு ஆறும்போது கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்கிற சின்ன வால்வும் அதே மூடியில்தான் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதே, பையன்களையும் திறக்க விடாதே. முகத்தில் அடித்தால் கண் போய்விடும்.

அடுத்து சேறு. உன் டிராக்கில் மழைக்காலச் சகதி ரேடியேட்டர் தகடுகளுக்குள் போய்க் காய்ந்திருக்கும். முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், டார்ச் அடித்து உள்ளே பார். வாட்டர் சர்வீஸ் கன்னை அதன் கிட்டே கொண்டு போகாதே, தகடு மடங்கிக் காற்று போகிற வழியே அடைத்துக்கொள்ளும். சாதாரண ஓஸில் மெதுவாக, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடு. தெளிந்த தண்ணீர் வரும்வரை விடு.

ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். யாராவது ஒயரை மாற்றி மாட்டியிருந்தால் அது சுற்றும், ஆனால் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடி, ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேனே சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடு. சுற்றினால் கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ சென்சாரிலோ இருக்கிறது.

கூலன்ட் மாற்றினால் முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி வைத்து ஏர் லாக் எடு, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்று. ஊற்றுத் தண்ணீரைக் கலக்காதே, உப்புப் படியும்; பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்கு. பழைய கூலன்டைத் தரையில் விட்டுவிடாதே, மாப்ளே. அது இனிப்பாக இருக்கும், உன் தெரு நாய்கள் நக்கினால் செத்துப்போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொங்கினால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆறின என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். சூடாவதற்கு முன்பே குமிழி நிற்காமல் வந்துகொண்டிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் வாட்டர் பம்ப் சீலும் காரணமாக இருக்கலாம், பம்புக்கு அடியில் உள்ள சின்ன ஓட்டையில் கசிவு தெரிகிறதா பார். வெள்ளைப் புகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. உன் ஊர்க் குளிரில் காலையில் எந்த வண்டியும் அப்படித்தான் புகைவிடும். நன்றாகச் சூடான பிறகும் விட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்புறம், ஓட்ட வருகிறவர்கள். மெதுவான ஏற்றத்தில் லோ கியரில் போகச் சொல். ஹை-யில் முக்கிக்கொண்டு போனால் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற பெல்ட்டும் சூடாகும், என்ஜினும் சூடாகும், காற்றோ கிடைக்காது. பிரேக்கில் காலை வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறவர்கள் இங்கேயும் உண்டு. லைட் எரிந்தால் உடனே சமதரையில் நிறுத்தச் சொல். கூலன்ட் கொட்டாமல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல், ஓட விடலாம். கூலன்ட் கொட்டியிருந்தால் அந்த நொடியே ஆஃப். சூடான என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை யாரும் ஊற்றக் கூடாது.

உன் பழைய மூடியின் தலையில் அழுத்த அளவு அச்சாகியிருக்கும். அதையும் வண்டியின் மாடலையும் எனக்கு அனுப்பு. மதுரையில் கிடைத்தால் அங்கேயே வாங்கிப் போடு. கிடைக்காவிட்டால் இங்கே வாங்கி, அடுத்து ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். அளவு தெரியாமல் ஏதாவது ஒன்றை வாங்கி மாட்டிவிடாதே.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி